சிறைக்காவலர் ஓய்வு: 55இல் எழுதிக்கொடுப்பதா, பொறுப்பதா? ஓவர்டைம் ஓய்வூதியத்தில் சேருமா?

நெடுங்கேணியான் கேட்டது:

வணக்கம். அத்தானுக்காகக் கேட்கிறேன். இலங்கையின் வடக்கில் ஒரு சிறைச்சாலையில் சார்ஜன்ட். வயது 54 முடிந்து இரண்டு மாதம். சேவை 27 வருடம் 4 மாதம். இடையில் 5 மாதம் சம்பளமற்ற லீவு எடுத்திருக்கிறார். இரவு டியூட்டி, கோட்டுக்குக் கைதிகளைக் கொண்டுபோவது, ஆஸ்பத்திரிக் காவல் என்று உடம்பு களைத்துவிட்டது. 55 ஆனதும் எழுதிக்கொடுத்துவிட்டு வயலைப் பார்க்கலாம் என்று நினைக்கிறார்.

கேட்கவேண்டியவை:
1. கையில் வரும் சம்பளத்தில் பெரிய பங்கு ஓவர்டைமும் லீவுநாள் சம்பளமும்தான். ஓய்வூதியம் கணக்குப் பார்க்கும்போது அதுவும் சேருமா?
2. 55இல் போனால் எவ்வளவு நட்டம்?
3. பணிக்கொடை எப்படிக் கணக்கிடுவார்கள்? இடர்கடன் (அரச ஊழியருக்குச் சம்பளத்தில் பிடிக்கும் கடன்) இன்னும் கட்டி முடியவில்லை.
4. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. பழைய கடிதங்கள் பல 2009 இடப்பெயர்வில் போய்விட்டன.
5. ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) ஏதும் கிடைக்குமா?

விளங்கிய ஆட்கள் சொல்லுங்கோ.

---

செட்டிகுளம் சந்தி:

தம்பி, முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: சேராது. ஓவர்டைம், லீவுநாள் சம்பளம், பயணப்படி, வாழ்க்கைச் செலவுப் படி எதுவும் ஓய்வூதியக் கணக்குக்குள் வராது. கடைசியாக எடுத்த அடிப்படைச் சம்பளம்தான் கணக்கு. சிறைக் காவலில் இருக்கிறவர்கள் ஓய்வுக்குப் பிறகு திடுக்கிடுவதற்குக் காரணம் இதுதான். ஆள் பற்றாக்குறையால் வருடக்கணக்காக மேலதிக மணித்தியாலம் செய்து, அந்தக் காசை நம்பிக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் ஓடியிருக்கும். ஓய்வுபெற்ற அடுத்த மாதமே அந்த வருமானம் முழுதாக நின்றுவிடும். ஆகவே இன்றைக்கே சம்பளத் துண்டை எடுத்து, அடிப்படைச் சம்பளம் எது, படிகள் எவை என்று இரண்டாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கோ. குடும்பச் செலவைக் கட்டவேண்டியது முதல் பங்கை வைத்துத்தான்.

இரண்டாவது கேள்வி. ஓய்வூதிய வீதம் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் (அரச ஓய்வூதிய விதிகளின்) அட்டவணையில் இருந்து வருகிறது. ஒரு பக்கம் சம்பளம், மறுபக்கம் சேவை மாதங்கள். முழு வீதம் 360 மாதத்தில், அதாவது 30 வருடத்தில் வரும். அதற்குக் குறைந்தால் மாதக் கணக்கில் குறையும்.

உங்கள் அத்தானின் கணக்கு இப்படி:
27 வருடம் 4 மாதம் = 328 மாதம்.
சம்பளமற்ற லீவு 5 மாதத்தைக் கழித்தால் 323 மாதம்.
55 ஆக இன்னும் 10 மாதம். அப்போது 333.
360க்கு இன்னும் 27 மாதம் குறையும்.

அதாவது 55இல் போகாமல் மேலும் இரண்டு வருடம் மூன்று மாதம் பொறுத்தால் முழு வீதம். வயது 57 தாண்டி மூன்று மாதம். அதற்குப் பிறகு இருந்தால் வீதம் ஏறாது. வருடாந்தச் சம்பள ஏற்றம் மட்டும்தான் கூடும். என் கருத்து, உடம்பு இடம் கொடுத்தால் 360ஐத் தொட்டுவிட்டு எழுதிக்கொடுக்கட்டும். அந்தக் குறை வீதம் ஒரு மாதத்தோடு போவதில்லை, உயிரோடு இருக்கும் காலம் முழுக்க வரும்.

இன்னொன்று: சம்பள ஏற்றத் திகதி. ஏற்றத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஓய்வுத் திகதி போட்டுவிட்டு, ஒரு ஏற்றத்தை ஆயுளுக்கும் இழந்தவர்களின் கோவைகள் (அலுவலகப் பைல்கள்) உண்டு. ஏற்றத் திகதி கடந்து, அந்த ஏற்றம் கோவையில் பதியப்பட்ட பிறகே ஓய்வுத் திகதியைத் தீர்மானிக்கவேணும்.

பணிக்கொடை: 24 மாத ஓய்வூதியத்துக்குச் சமமான தொகை மொத்தமாகக் கையில் வரும். உதாரணத்துக்கு மாத ஓய்வூதியம் 40,000 ரூபா என்று வைத்தால் 9,60,000. இடர்கடனில் 1,50,000 மிச்சம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு 8,10,000. பணிக்கொடை எடுத்ததால் மாதாந்த ஓய்வூதியம் குறைக்கப்பட்ட அளவில் வரும். 10 வருடம் முடிந்ததும் அந்தக் குறைப்பு நீங்கி முழு அளவுக்குத் திரும்பவேணும். அந்தத் திகதியை வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கோ. பத்தாம் வருடம் கடந்த பிறகும் தொகை மாறாவிட்டால் உடனே பிரதேச செயலகத்தில் ஓய்வூதியப் பிரிவில் கேட்கவேணும்.

ஈ.பி.எஃப். இல்லை. ஓய்வூதிய உரித்துள்ள அரச பதவிக்கு அது கிடையாது.

---

பூவரசங்குளம்:

ஓய்வு வயது 65 ஆக்கினவை அல்லவா? அப்ப இன்னும் காலம் இருக்கே.

---

செட்டிகுளம் சந்தி:

இல்லை. 2022 வரவுசெலவுத் திட்டத்தில் 65 என்று வந்தது, அதே வருடம் இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் திரும்ப 60 ஆக்கப்பட்டது. 60ஐத் தாண்டி வேலையில் இருந்தவர்கள் 2022 டிசம்பர் 31உடன் வெளியேறினார்கள். இப்போது கட்டாய ஓய்வு 60. 55இல் இருந்து விருப்ப ஓய்வு.

---

கனகராயன்:

நாலாவது கேள்விக்கு விரிவாக எழுதுகிறேன். ஓய்வூதியம் தாமதமாவதற்கு ஓய்வூதியத் திணைக்களத்தைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் தடை கிடப்பது சொந்தச் சுயவிபரக் கோவைக்குள்தான். ஆகவே ஓய்வுக்கு இரண்டு வருடம் முன்னதாகவே எழுத்தில் அனுமதி கேட்டு, தாபனக் கிளை உத்தியோகத்தர் முன்னிலையில் கோவையை முதல் பக்கத்தில் இருந்து புரட்டிப் பார்க்கவேணும். பார்க்க வேண்டியவை:

முதல் நியமனக் கடிதம். பதவி நிரந்தரமாக்கிய கடிதம். பதவி உயர்வுக் கடிதங்கள். ஒவ்வொரு வருடத்துச் சம்பள ஏற்றப் பதிவு. வினைத்திறன்காண் தடை (சேவையில் இருப்பவருக்கான பரீட்சை) தாண்டியதற்கான முடிவு. சம்பள மாற்றக் கடிதங்கள்: 2016 சுற்றறிக்கை 03/2016இன்படி செய்தது, பிறகு 2025 சுற்றறிக்கை 10/2025இன்படி செய்தது. கடைசிச் சொன்ன மாற்றம் 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என்று கட்டம் கட்டமாக வருவதால், ஒவ்வொரு கட்டத்துக்குமான சம்பளப் படிநிலை கோவையில் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேணும். ஒரு படிநிலை பிழைத்தால் கடைசிச் சம்பளம் பிழைக்கும், ஓய்வூதியமும் பிழைக்கும்.

வன்னியில் பலருக்கு இடறுகிற இடம் சிங்கள மொழித் தேர்ச்சி. அரசகரும மொழித் தேர்ச்சியை உரிய காலத்தில் பெறாவிட்டால் சம்பள ஏற்றம் தள்ளிப்போடப்படும். பிறகு சித்தியடைந்தும், அந்தப் பெறுபேறு கோவையில் சேராமல், தள்ளிப்போட்ட ஏற்றங்கள் திருத்தப்படாமல் கிடக்கிற கதை நிறைய. பெறுபேற்றுப் பிரதியைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்கவேணும்.

லீவு: சம்பளமற்ற 5 மாதம் எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி மட்டும் என்று கோவையில் உள்ள பதிவும் சம்பளப் பதிவேடும் ஒத்துப்போகவேணும். இரண்டும் முரண்பட்டால் கேள்விக்கடிதம் வரும், மூன்று மாதம் போய்விடும். 2008, 2009 காலத்தில் இடம்பெயர்ந்து வேலைக்குச் சமுகமளிக்க முடியாமல் போன நாட்கள் இருந்தால், அந்த நாட்களை எந்த லீவாகக் கணித்தார்கள் என்ற கடிதம் இருக்கிறதா என்று தேடுங்கோ. கடிதம் இல்லாமல் வெற்றிடமாக விட்டிருந்தால் அது சேவை முறிவு போலத் தெரியும். இதைக் கடைசி மாதத்தில் சீர்செய்ய ஏலாது, ஏனென்றால் அப்போது கையெழுத்து வைத்தவர்கள் பலர் இப்போது ஓய்விலோ வேறு மாவட்டத்திலோ இருப்பார்கள்.

பெயர் வித்தியாசம்: சின்ன எழுத்து வித்தியாசம் என்றால் இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து ஒப்பமிடும் பத்திரம்) முடித்து, கிராம அலுவலர் உறுதிப்படுத்திய கடிதத்தோடு கொடுக்கலாம். முழுப் பெயரே வேறு என்றால் பிறப்புப் பதிவில் திருத்தம் செய்யவேணும், அதற்குக் காலம் பிடிக்கும், இப்பவே தொடங்குங்கோ. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பதிவுகள் அழிந்திருந்தால் மனம் தளராதீர்கள். கொழும்பில் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் இரண்டாம் பிரதி இருக்கக்கூடும். அங்கேயும் இல்லாதவர்களுக்குத்தான் உத்தேச வயதுச் சான்றிதழ். ஆனால் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த பிறந்த திகதியே ஓய்வுக்குக் கணக்கு. 50 வயதுக்கு மேல் அதை மாற்ற வெளிக்கிடுவது வீண் மினக்கேடு.

---

நெடுங்கேணியான்:

மிக்க நன்றி. 360 மாதக் கணக்கை அத்தானிடம் காட்டினேன், பொறுப்பம் என்கிறார். இன்னும் இரண்டு. போன வருடம் கைதிகளின் கூடத்தில் கைத்தொலைபேசி ஒன்று பிடிபட்டதில் அன்றைய டியூட்டியில் இருந்த நாலு பேரிடமும் வாக்குமூலம் எடுத்தார்கள். இன்னும் முடிவு வரவில்லை. அது ஓய்வைப் பாதிக்குமா? மற்றது, சளியும் இருமலும் மாறுவதாக இல்லை.

---

ஓமந்தை வாசகன்:

இந்த இரண்டும்தான் மேலே எழுதிய எல்லாவற்றையும்விட அவசரம்.

விசாரணை: ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் 1ஆம் பிரிவே ஓய்வூதியம் முழு உரிமை அல்ல என்கிறது. 12ஆம் பிரிவு, ஒழுக்காற்று விசாரணை நிலுவையில் இருக்கும்போது ஓய்வுபெறுபவரைப் பற்றியது. அந்தப் பிரிவின் கீழ் ஓய்வு அனுப்பினால் முடிவு வரும்வரை கொடுப்பனவு தங்கிநிற்கும். குற்றவாளி என்று கண்டால் ஓய்வூதியத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ இடமுண்டு. ஆகவே வாக்குமூலம் கொடுத்தாயிற்று, மறந்துபோனார்கள் என்று சும்மா இருக்கக்கூடாது. இப்பவே சிறை அத்தியட்சகர் ஊடாக, சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகத்துக்கு முகவரியிட்டு, ஆரம்ப விசாரணையின் நிலை என்ன என்று எழுத்தில் கேட்கவேணும். குற்றச்சாட்டு இல்லை என்றால் இல்லை என்ற கடிதம் கோவைக்குள் வரவேணும். குற்றப்பத்திரம் தந்தால் அதில் சொன்ன தவணைக்குள் பதில் கொடுக்கவேணும், தவணை தவறினால் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். நடைமுறை தாபன விதிக்கோவையின் (அரச ஊழியருக்கான விதிநூல்) இரண்டாம் தொகுதி, 48ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது.

இப்படியான விசாரணையில் காப்பாற்றுவது ஞாபகம் அல்ல, பதிவு. அன்றைய டியூட்டிப் பட்டியல், கூடத்தைப் பொறுப்பேற்ற நேரம், பொறுப்பேற்கும்போது எண்ணிய தலைக்கணக்கு, சாவிப் பதிவு, கடைசியாகச் சோதனை செய்த நேரம், சோதனை செய்தவர் பெயர். பொறுப்பு மாற்றும்போது எண்ணிக்கை எடுக்காமல் கையெழுத்து வைப்பதுதான் எல்லாப் பிரச்சினைக்கும் வாசல். இடவசதியைவிட இரண்டு மடங்கு ஆட்களை அடைத்து வைத்திருக்கும் நிலையில், ஒரு கூடத்தை முழுக்கச் சோதிக்க ஆள் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் ஆள் போதாத நிலையில் பொறுப்பேற்கிறேன் என்று நிகழ்வுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் பொறுப்பேற்கவேணும். அந்த ஒரு வரி இல்லாமல், பிறகு வாயால் சொல்வது எடுபடாது. கைதி தப்பினாலும் இதே கதைதான்.

இருமல்: இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனை. நெரிசலான, காற்றோட்டம் குறைந்த கூடங்களில் காசநோய் பரவுவது வழமை, உள்ளே நிற்கும் காவலருக்கும் அதே காற்றுத்தான். மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சளியும் எக்ஸ்-ரேயும் இலவசம். காசநோய் என்றால் வழமையாக ஆறு மாத மருந்து, இடையில் விடக்கூடாது. முடிவு எதுவானாலும் அறிக்கையின் பிரதி கோவைக்குப் போகவேணும். டியூட்டியில் அடிபட்டாலும் அப்படித்தான்: அன்றைக்கே நிகழ்வுப் புத்தகத்தில் பதிவு, அன்றைக்கே வைத்தியசாலைத் துண்டு, பார்த்தவர்களின் பெயர். தாபன விதிக்கோவை 12ஆம் அத்தியாயத்தில் விபத்து லீவு இருக்கிறது, நட்டஈடு கேட்கவும் வழியுண்டு. மூன்று நாள் கழித்துப் பதிந்தால் வீட்டில் விழுந்தார் என்று சொல்ல இடம் கொடுத்தமாதிரி.

உடம்பு உண்மையிலேயே ஏலாமல் போனால் வைத்திய சபை முன் போய் மருத்துவக் காரணத்தால் ஓய்வுபெறலாம். 10 வருடத்துக்கு மேல் சேவை இருப்பதால் ஓய்வூதியம் உண்டு. ஆனாலும் சேவை மாதம் குறைந்த அளவுக்கு வீதம் குறையும். அத்தியட்சகரிடம் இலகுவான டியூட்டி கேட்டு வைத்தியச் சான்றிதழோடு எழுதிப்பார்த்த பிறகு அந்த வழியை யோசியுங்கோ. வாசல் பதிவு, களஞ்சியம், அலுவலகப் பக்கம் என்று உட்கார்ந்து செய்கிற இடம் ஏதாவது இருக்கும். 27 மாதத்தை அப்படிக் கடக்கலாம்.

---

மாங்குளம் அக்கா:

ஒருவரும் தொடாத ஒன்று: விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம். அத்தான் போனபிறகு அக்காவுக்கு வருவது இதுதான், ஆகவே இதை அக்காவே பொறுப்பெடுத்துப் பார்க்கட்டும். மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுகிறார்கள் என்பதால் எல்லாம் சரி என்று நினைக்கக்கூடாது. பதிவிலக்கம் இருக்கிறதா, அந்தப் பதிவில் விவாகத் திகதியும் மனைவியின் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கிறதா, பிள்ளைகள் எல்லோரும் சேர்க்கப்பட்டார்களா என்று பார்க்கவேணும். கலியாணத்துக்கு முதல் வேலையில் சேர்ந்தவர்கள் பலர், தனியாள் என்று பதிந்ததை மாற்றவே இல்லை. கோயிலில் தாலி கட்டி, பதிவுத் திருமணம் செய்யாமல் இருந்தவர்கள் இன்னும் கவனம். விவாகச் சான்றிதழ் இல்லாமல் அந்தப் பெண் பிறகு பிரதேச செயலகத்துக்கும் கிராம அலுவலரிடமும் அலைந்து தன் வாழ்க்கையையே நிரூபிக்கவேண்டி வரும். அந்த அலைச்சலை ஒரு பெண்ணுக்கு விட்டுப்போகாதீர்கள்.

பெண் காவலர்களுக்கும் இது பொருந்தும். 1983ஆம் ஆண்டு 24ஆம் இலக்கச் சட்டத்தின்படி தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியம் என்று கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு. அவர்கள் இன்னொன்றும் பார்க்கவேணும்: பிரசவ லீவு 84 நாள் முழுச் சம்பளம், அடுத்த 84 நாள் அரைச் சம்பளம், அதற்கடுத்த 84 நாள் சம்பளமற்றது. அந்த நாட்கள் பிரசவ லீவு என்ற தலைப்பில் பதியப்பட்டதா, வெறும் சம்பளமற்ற லீவு என்று எழுதிவிட்டார்களா என்று கோவையில் தேடவேணும். தலைப்பு மாறினால் கணக்கும் மாறும்.

2016 ஜனவரிக்குப் பிறகு சேர்ந்த இளம் பிள்ளைகள் நியமனக் கடிதத்தில் ஓய்வூதியம் பற்றிய பந்தியை ஒருமுறை வடிவாக வாசியுங்கோ. பழைய ஆட்களின் பந்தியும் அதுவும் ஒன்றல்ல. அந்தப் பந்தியைத் திருத்தி ஏதாவது கடிதம் வந்திருந்தால் அது உங்கள் கோவைக்குள் இருக்கவேணும்.

---

செட்டிகுளம் சந்தி:

அக்கா சொன்னது பொன்னான விஷயம். கடைசியாக, எழுதிக்கொடுக்கும் நேரம் வரும்போது ஒழுங்கு இப்படி.

ஓய்வுத் திகதிக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்னர் அத்தியட்சகர் ஊடாக ஓய்வுக் கடிதம். ஒரு பிரதியில் பெற்றுக்கொண்ட திகதியும் ஒப்பமும். அங்கீகாரக் கடிதம் வந்ததும் ஓய்வூதிய விண்ணப்பம். இணைப்புகள்: பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகத்தின் முன்பக்கப் பிரதி, புகைப்படம். வங்கிக் கணக்கு தன் தனிப் பெயரில் இருந்தால் சிக்கல் குறைவு. வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையும் ஒரு எழுத்தும் பிசகாமல் ஒத்திருக்கட்டும், இதில்தான் கூடுதலாகத் திரும்பி வருகிறது.

அதோடு, நிலுவையில் உள்ள ஓவர்டைம், லீவுநாள் சம்பளம், காவலாகப் போன பயணப்படி எல்லாவற்றையும் வேலையில் இருக்கும்போதே கோரி முடிக்கவேணும். போனபிறகு வரவுப் பதிவேட்டைத் தேடித் தர ஒருவரும் இருக்கமாட்டார்கள். சீருடை, விடுதி, ஆயுதக் களஞ்சியம் மூன்றிலும் ஒன்றும் பாக்கியில்லை என்ற கடிதம் வாங்கவேணும். விடுதி மின்சார நிலுவை ஒன்றுக்காகக் கோவை ஒரு மாதம் நிற்கும்.

கடைசிச் சம்பளத்துக்கும் முதல் ஓய்வூதியத்துக்கும் இடையில் ஒன்றிரண்டு மாதம் வெறுமையாகப் போகலாம். ஓய்வூதியம் வழமையாக மாதம் 10ஆம் திகதி வங்கிக்கு வரும், சம்பளம் போல் 25இல் அல்ல. ஆகவே பெரும்போக அறுவடை முடிந்து கையில் காசு இருக்கிற பங்குனி, சித்திரைப் பக்கம் ஓய்வுத் திகதி விழுந்தால் குடும்பத்துக்கு மூச்சுவிட இடம் இருக்கும். சம்பள ஏற்றத் திகதியோடும் அது ஒத்துவருகிறதா என்று பாருங்கோ.

பிறகு கோவை பிரதேச செயலகத்துக்குப் போகும். நெடுங்கேணி என்றால் வவுனியா வடக்குச் செயலகம். வருடத் தொடக்கத்தில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க மறந்தால் ஓய்வூதியம் நிறுத்தப்படும். கேள்வி ஏதும் இருந்தால் ஓய்வூதியத் திணைக்கள இலக்கம் 1970. தமிழில் பேசவேணும் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கோ.

---

நெடுங்கேணியான்:

நாளைக்குச் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். விசாரணை நிலை கேட்டு எழுதும் கடிதத்தையும் இன்று இரவே எழுதுகிறோம். அக்காவின் விவாகச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன், அதில் அக்காவின் பெயரில் ஒரு எழுத்து பிழை. அதையும் சத்தியக்கடதாசியில் சேர்க்கலாமா, தனியாக முடிக்கவேணுமா?

---

கனகராயன்:

தனியாக. அத்தானின் பெயருக்கு அவர் ஒன்று, அக்காவின் பெயருக்கு அக்கா ஒன்று. இரண்டிலும் மூலப் பிரதி இரண்டிரண்டு எடுங்கோ, ஒன்று கோவைக்கு, மற்றது வீட்டில்.